ஒயில் அறிக்கை

பதினாறு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீற்றர்.
தண்டர் பேயில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும்
இந்த லொறியைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு.
வங்கிக்காரி விற்கச் சொன்னாள்.
பழைய இரும்பு வாங்கும் எய்னோ
காசோலைப் புத்தகத்தோடேயே வந்து
முன்சில்லை ஒருதரம் உதைத்துப் பார்த்தான்.

நான் ஒயில் மாற்றிக்கொண்டிருந்தேன்.
சூடு ஆறுமுன் வடிக்கவேண்டும்.
ஆறவிட்டால் அழுக்கு அடியில் குந்திவிடும்,
ஒயில் மட்டும் நல்லபிள்ளையாக இறங்கி வரும்.

வால்வு இடைவெளிக்கு மெல்லிய தகடு ஒன்று:
நுழைத்து இழுத்தால் வரவேண்டும்,
ஆனால் கொஞ்சம் மனமில்லாமல்.
அந்த மனமில்லாமையை
எந்தப் புத்தகமும் எழுதவில்லை.
கையுறையைக் கழற்றி
விறைத்த விரலால்தான் அறியலாம்.

காற்று வடிகட்டியைத்
தட்டிப் போட்டால் காணும் என்பார் பற்குணம் அண்ணை.
தட்டினால் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும்,
ஒரு சிட்டிகைத் தூசு
ஆறு சிலிண்டரையும் அரம்போல அராவும்.
இதில் எங்களுக்குள் ஏழு வருசச் சண்டை.
ஓட்டுவது அவர். பூட்டிக் கழற்றுவது நான்.

ஒவ்வொரு முறையும் சின்னப் போத்தலில்
கொஞ்சம் ஒயில் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவேன்.
நாற்பது டொலர்.
என் இரத்தத்தைச் சோதித்து
மூன்று வருசமாகிறது, அது வேறு கதை.

ஜனவரி அறிக்கை:
செம்பு, பரவாயில்லை.
இரும்பு, கூட.
டீசல் கலந்திருப்பது ஐந்து வீதம்.
ஒயில் தண்ணீர்போல இளகிவிட்டது.

இன்ஜெக்டராய் இருக்குமென்று
இரண்டு நாள் தலையை உள்ளே விட்டுக்கொண்டு கிடந்தேன்.
ஒழுக்கில்லை.
பிறகுதான் கணினியின் மணிக்கணக்கைப் பார்த்தேன்:
ஓடாமல் நின்று உறுமிய நேரம்
முந்நூற்றுப் பன்னிரண்டு மணி.

வாவா என்றொரு ஊர்.
பெயர் மட்டும்தான் கூப்பிடும்.
மைனஸ் முப்பத்துநாலில் ஏரிக்காற்று
வந்தவனைப் போ போ என்று தள்ளும்.
அங்கே தங்கத்தான்
இரவுக்கு எண்பத்தைந்து டொலர் கொடுக்கிறேன்.
ரசீது கேட்டதில்லை.

"அண்ணை, மோட்டலில் படுக்கிறீங்களோ?"
தேநீரை ஊதினார். இன்னொருக்கா ஊதினார்.
"பிள்ளைக்குப் பல்லுக்குக் கம்பி போடவேணும்.
ஆறாயிரமாம்.
நிப்பாட்டினால் விடியப் பிடிக்காது,
அதாலை ஓடவிட்டிட்டுப் படுத்தனான்."

கோபம் வந்தது, எண்பத்தைந்துக்கு அல்ல.
சும்மா நிற்கும் எஞ்சின் சூடேறாது.
எரியாத டீசல் சுவரில் வழிந்து
ஒயிலின் பசையைக் கழுவும்.
ஓடித் தேய்வதைவிட நின்று தேய்வது மோசம் என்று
கத்தினேன். கத்தும்போதே
அந்தக் கூண்டுக்குள்
இரண்டு ஜக்கெட்டோடு முடங்கிய மனிதரும் தெரிந்தார்.

எய்னோவிடம் போனேன். லொறியை விற்க அல்ல.
நொறுங்கிப்போன ஒரு வண்டியிலிருந்து
சப்பாத்துப் பெட்டியளவு டீசல் அடுப்பைக் கழற்றித் தந்தான்.
நானூறு என்றான், முந்நூற்றைம்பதுக்கு இறங்கினான்.
படுக்கைக்குக் கீழே பூட்டினேன்.
கிளையாகக் குழாயிழுத்து எஞ்சினுக்கும் சூடு போகவிட்டேன்.
இரவு முழுக்க எரிந்தாலும்
எட்டு லீற்றர் தாண்டாது.

மோட்டல் காசை நிறுத்தவில்லை.
அதற்குக் கணக்குப் புத்தகத்தில்
'எஞ்சின் பராமரிப்பு' என்று பெயர் வைத்தேன்.
வரிக்காரர் கேட்டால் அறிக்கையைக் காட்டலாம்.

ஏப்ரல். டீசல் கலப்பு ஒரு வீதத்துக்கும் கீழே.
வால்வு மூடியின்மேல் தேநீர்க் கோப்பையை வைத்து
எஞ்சினை முடுக்கினேன்.
விளிம்பில் ஒரு வளையம் நடுங்கி
அடங்கியது.

பற்குணம் அண்ணை எட்டிப் பார்த்தார்.
"வடிகட்டியைத் தட்டிப் போட்டனீரோ?"
"இல்லை. புதுசு."
"காசைக் கரியாக்கிறீர்" என்றுவிட்டு
என் தேநீரை எடுத்துக்கொண்டு ஏறினார்.